முகர்ந்து பார்த்தோம்

சென்ற ஆண்டின் இறுதியில் அம்பத்தூரிலிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. கோடிட்ட தாளின் இரு பக்கங்களிலும் நெருக்கமாக எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் கணவரை இழந்த ஒரு தாய். "ஐயா, என் மகன் மாதந்தோறும் கொண்டுவந்து கொடுக்கும் சம்பளத்தை நான் இன்னும் தொடவில்லை. தொடலாமா என்று நீங்கள்தாம் சொல்ல வேண்டும்" என்பதே கடிதத்தின் முதல் வரி.

கதை நீண்டதன்று. கணவர் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை செய்தவர், கைத்திறன் மிக்கவர். குடி அவரைக் கொண்டு போயிற்று. அப்போது மகனுக்கு ஏழு வயது. அதன் பின்னர் இந்த அம்மையார் மல்லியையும் மிளகாயையும் வெயிலில் உலர்த்தி, வறுத்து, மில்லில் அரைத்துக் குழம்புத் தூளாக்கி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு விற்றுப் பிள்ளையை வளர்த்தார். பிள்ளை ஓட்டல் நிர்வாகம் படித்தான். பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு பெரிய விடுதியின் மதுக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. அதோடு நிற்கவில்லை. மதுவகைகளை எவ்வாறு முகர்வது, சுவைப்பது, இனங்காண்பது என்று புதியவர்களுக்கு அவ்வப்போது வகுப்பும் எடுக்கிறானாம். "குடித்துச் செத்தவரின் பிள்ளை குடிக்கக் கற்றுக் கொடுக்கிறான். அந்தப் பணத்தை அஞ்சலகத்தில் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டு ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது. ஆனாலும் எடுக்க மனம் வரவில்லை" என்று கடிதம் முடிந்திருந்தது.

இப்பகுதிக்கு வரும் கடிதங்களுக்கு நாம் பெரும்பாலும் அந்த வாரமே விடை எழுதி விடுவது வழக்கம். இக்கடிதம் மட்டும் மூன்று வாரங்கள் மேசைமீது கிடந்தது. முடிவில் மகனுக்கே எழுதினோம். அவர் அனுப்பிய விடை நான்கு வரிதான்: வகுப்புக்கு நீங்கள் வாருங்கள், அம்மாவையும் அழைத்து வாருங்கள், பார்த்தபின் எது சரி என்று தோன்றுகிறதோ அதை எழுதுங்கள்.

நாம் மதுவை அறவே அறியாதவர் என்று சொன்னால் பொய்யாகிவிடும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வீட்டில் ஊறவைத்த திராட்சை இரசத்தில் ஓரிரு மிடறு பருகியதுண்டு. ஜின் என்பதையோ புட்டியில் பார்த்ததோடு சரி. ஆகவே ஒரு மாலை, அம்மையாரும் நாமும் முழுப் புதியவர்களாகவே அந்த விடுதியின் குளிரூட்டிய அறைக்குள் நுழைந்தோம்.

தமிழ்நாட்டில் கடையில் மது விற்கும் உரிமை அரசுக்கே உரியது. உரிமம் பெற்ற விண்மீன் விடுதிகளிலும் மன்றங்களிலும் மட்டுமே இத்தகைய வகுப்பு நடத்த முடியும். 21 வயது நிரம்பாதவரை அனுமதிப்பதில்லை. வந்திருந்தோர் பதினான்கு பேர். பெரும்பாலோர் கணிப்பொறி நிறுவனங்களில் பணியாற்றும் இளைஞர்; அவர்களுள் பெண்கள் மூவர். ஆவடியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரும் இருந்தார். ஆவடி படைத்துறையின் ஊர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டாங்கித் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், வாகனக் கிடங்கு என்று அங்கே மூன்றாவது வீட்டில் ஒரு முன்னாள் வீரர் இருப்பார். படைவீரர் அங்காடியில் அவர்களுக்கு மாதந்தோறும் அளவிட்டு வழங்கும் மதுவில் ரம்மும் உண்டு, ஜின்னும் உண்டு. "முப்பது ஆண்டுகளாகக் குடிக்கிறேன். இது என்ன ருசி என்று எவரும் என்னைக் கேட்டதில்லை. அதனால்தான் வந்தேன்" என்றார் அவர். அன்றைய மாலையில் நாம் கேட்ட நேர்மையான பேச்சுகளுள் அதுவும் ஒன்று.

மகன் வெள்ளைச் சட்டையுடன் வந்து நின்றார். தாயைப் பார்த்துத் தலையை மட்டும் தாழ்த்தினார். எங்களை இன்னார் என்று அறிமுகப்படுத்தவில்லை. அது நன்று என்றே நமக்குத் தோன்றிற்று.

முதலில் அவர் புட்டி எதையும் திறக்கவில்லை. சிறு கிண்ணங்களில் உலர்ந்த பொருள்களை இட்டு, பெயர் சொல்லாமல் மேசையைச் சுற்றி அனுப்பினார். இவை என்னவென்று முகர்ந்து எழுதுங்கள் என்றார். இளைஞர்கள் முகர்ந்தார்கள், சிரித்தார்கள், கைப்பேசியில் தேடினார்கள். ஒருவர் மல்லியைச் சீரகம் என்று எழுதினார். கிண்ணங்கள் அம்மையாரிடம் வந்தன. அவர் எழுதவில்லை, ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டு சென்று மெதுவாகச் சொன்னார்: "இது மல்லி. வறுக்காத மல்லி. இது அதிமதுரம். இது பட்டை, ஆனால் நம் குழம்புக்குப் போடும் மெல்லிய பட்டை இல்லை, தடித்த பட்டை. இது வால்மிளகு, தொண்டை கட்டினால் வாயில் அடக்கிக் கொள்வோம்." உலர்ந்த எலுமிச்சைத் தோலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதைச் சொல்லவும் வேண்டுமா என்பது போலப் பார்த்தார். நீலக் கருமை படர்ந்த ஒரு சிறு காய் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. அதுதான் ஜூனிபர்.

ஜின்னின் உயிர் அந்தக் காய்தான். பார்வைக்குப் பழம்போல் இருந்தாலும் அது பழமன்று. பைன் மரத்தின் கூம்பைப் போன்றதே, செதில்கள் சதைப்பற்றாகி ஒன்றுசேர்ந்து உருண்டையாகிவிட்டன. இமயமலைச் சரிவுகளிலும் அந்தச் செடி வளர்கிறது. வடமொழி மருத்துவ நூல்கள் அதனை ஹபுஷா என்று குறிக்கின்றன. கோவாவில் 2017 முதல் புதிய ஜின் ஆலைகள் தோன்றலாயின; அவற்றுள் ஒன்று தன் ஜின்னுக்கு அந்தப் பெயரையே ஹபூசா என்று சூட்டியது.

செய்முறையை அவர் விளக்கியபோது நமக்கு வியப்பே மேலிட்டது. தானியத்திலிருந்தோ கரும்புப் பாகிலிருந்தோ எடுத்த, மணமும் சுவையும் அற்ற சாராயத்தில் ஜூனிபரையும் மல்லியையும் பிறவற்றையும் ஊறவைத்து, மீண்டும் காய்ச்சி வடிக்கிறார்கள். நம் சித்த மருத்துவர்கள் வாலை என்று சொல்வார்களே, அந்தக் கருவியே அங்கும். குழந்தைக்கு வயிறு உப்பினால் புகட்டும் ஓமத்திரவம் எப்படி ஓமத்தின் மணத்தை மட்டும் ஏற்று நீர்போல் தெளிந்து வருகிறதோ, அப்படியே ஜின்னும் நிறமின்றி வருகிறது. வடியும்போது முதலில் வருவதைத் தலை என்று ஒதுக்குவர். நடுவில் வருவதே கொள்ளத்தக்கது. கடைசியில் வருவது வால், அதையும் ஒதுக்குவர். எங்கே வெட்டுவது என்பதை அறிவதில்தான் வடிப்பவரின் திறன் இருக்கிறதாம். லண்டன் ஜின் என்று பெயர் பெற்ற வகை லண்டனில் செய்யப்பட வேண்டுமென்பதில்லை. அது செய்முறையின் பெயர். வடித்தபின் மணச்சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது என்பது அதன் விதி.

பிறகுதான் கிண்ணிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி அளவே இருந்தது. அருகில் தண்ணீர்க் குவளையும், துப்புவதற்கு ஒரு கலமும் வைக்கப்பட்டிருந்தன. நம் நாட்டுப் புட்டிகளில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வலிமையில் மூக்கு மரத்துப் போகுமாதலால், தொழில்முறையில் மதிப்பிடுவோர் ஏறக்குறைய அதே அளவு தண்ணீர் சேர்த்துப் பாதியாக்கி விடுவார்களாம். கிண்ணியைச் சுழற்றாதீர்கள், மூக்கை உள்ளே நுழைக்காதீர்கள், வாயைச் சற்றே திறந்தபடி மெல்ல மூச்சை இழுங்கள் என்றார்.

நாம் அவர் சொன்னதற்கு மாறாக, அவசரத்தில் மூக்கை உள்ளே நுழைத்துவிட்டோம். கண்ணில் நீர் வந்ததே தவிர மணம் எதுவும் தெரியவில்லை. தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடி முகர்ந்தோம். அப்போது எழுந்த மணம் நமக்குப் பழக்கமானது போல் இருந்தது. எங்கே முகர்ந்தோம் என்று நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். கோவிலில் தூபக் கலசத்தில் இடும் குந்துருக்கம்! வெட்கத்தோடுதான் இதைச் சொன்னோம். மகன் சிரிக்கவில்லை. பைன் மரத்திலும் ஜூனிபரிலும் குந்துருக்கத்திலும் பைனீன் என்னும் ஒரே மணப்பொருள் இருக்கிறது, உங்கள் மூக்கு தவறவில்லை என்றார். முதல் வகுப்பு மாணவனுக்கு ஆசிரியர் முதுகில் தட்டிக் கொடுத்தது போல் இருந்தது நமக்கு.

ஒரு துளியை நாக்கில் வைத்தோம். முதலில் எரிவு, பிறகு எலுமிச்சையும் மல்லியும், கடைசியில் அதிமதுரத்தின் மெல்லிய இனிப்பு. துப்பினோம். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தோம். வகுப்பு எடுப்பவரும் ஒவ்வொரு முறையும் துப்பினார். மற்றவர்களுள் சிலர் விழுங்கினார்கள். அவர் ஒரு துளியையும் விழுங்கவில்லை.

டானிக் நீரைப் பற்றியும் சிறிது பேச்சு நடந்தது. அதன் கசப்பு கொய்னாவினால் வருவது. பெரு நாட்டு மலைகளில் வளரும் சிங்கோனா மரப்பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்பதை 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரப்பியவர்களுள் சேசு சபையினர் முதன்மையானவர். அதனாலேயே அதற்குச் சேசு சபையார் பட்டை என்று பெயர் வந்தது. 1820-இல் பிரான்சு நாட்டு வேதியியலார் இருவர் பட்டையிலிருந்து கொய்னாவைப் பிரித்தனர். 1860-ஐ ஒட்டி அம்மரம் நீலகிரிக்கு வந்தது. நடுவட்டத்தில் தோட்டமும், கொய்னாத் தொழிற்சாலையும் எழுந்தன. வெள்ளையர் காலத்தில் பூந்தமல்லியிலும் ஒரு படை முகாம் இருந்தது. அத்தகைய முகாம்களில் மலேரியாவால் நடுங்கிய சிப்பாய்களுக்கு இந்தக் கசப்பே மருந்து. அப்படியானால் இதைக் குடித்தால் மலேரியா வராதா என்று ஓர் இளைஞர் ஆவலோடு கேட்டார். இக்காலத்து டானிக் நீரில் ஒரு லிட்டருக்கு 83 மில்லிகிராமுக்கு மேல் கொய்னா கூடாது என்பது அமெரிக்க நாட்டு விதி. மருந்தாக ஒரு நாளைக்கு உட்கொள்ள வேண்டிய அளவோ அதைப்போல் இருபது மடங்கு. இளைஞரின் முகம் சற்று வாடியது.

படைவீரர் நம் பக்கம் திரும்பி, "உங்கள் துறவிகளும் வடித்தவர்கள்தாமே, ஐயா?" என்று கண்சிமிட்டினார். மறுக்க முடியவில்லை. பிரான்சு நாட்டில் கார்த்தூசியர் துறவிகள் 130 மூலிகைகளைக் கொண்டு வடிக்கும் சார்த்ரூஸ் உலகப் புகழ் பெற்றது. பேசாநோன்பு காக்கும் துறவிகள் அவர்கள். பேசாதவர்களே நன்றாக வடிப்பார்கள் போலும் என்று சொல்லித் தப்பித்துக் கொண்டோம்.

அடுத்து அவர் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். 1751-இல் ஆங்கில ஓவியர் ஹோகார்த் தீட்டிய 'ஜின் சந்து' அது. படிக்கட்டில் ஒரு தாய் போதையில் அமர்ந்திருக்கிறாள். கையிலிருந்த குழந்தை தலைகீழாக விழுகிறது. அவளோ அதை அறியாமல் மூக்குப்பொடி எடுக்கிறாள். ஓவியரின் மிகையான கற்பனை என்று சொல்லிவிட இயலாது. 1734-இல் லண்டனில் ஜூடித் டிஃபோர் என்னும் பெண், ஏழையர் விடுதி தன் சிறு மகளுக்குக் கொடுத்த புதுத் துணிகளை விற்று ஜின் குடிப்பதற்காக அக்குழந்தையின் கழுத்தை நெரித்துக் கொன்றாள்; அவளுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து 1736-இல் அரசு ஜின் விற்பனைக்கு 50 பவுன் உரிமக் கட்டணம் விதித்தது. ஏழை நாட்டில் யார் அதைக் கட்டுவார்? சந்துகளில் கள்ளத்தனமாக விற்றார்கள். 1743-இல் அச்சட்டத்தைக் கைவிட்டார்கள். 1751-இல் வேறொரு சட்டம் வந்தது. தானியத்தின் விலையும் ஏறியது. அதன் பின்னரே அந்த வெறி தணிந்தது.

நம் மாநிலமும் இவ்வழியில் நடந்ததுதான். 1937-இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார்; 1948-இல் அது மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. 1971-இல் தளர்ந்தது, 1974-இல் இறுகியது, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் அமைந்தது. 2003-இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. கடைகள் திறந்திருந்தும் கள்ளச்சாராயம் ஒழியவில்லை. 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே குடித்தவர் உடலில் சென்றது மெத்தனால். தொழிற்சாலைகளுக்கு உரிய அந்த நச்சு, உடலில் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை முதலில் தாக்கும். விலைகுறைந்த உறையில் வாங்கிக் குடித்தவர் எவரும் அதை முகர்ந்து பார்த்திருக்க மாட்டார். முகர்ந்திருந்தாலும் பயனில்லை, மெத்தனாலை மணத்தால் பிரித்தறிய இயலாது.

படம் மறைந்தபின்னும் அம்மையார் வெற்றுத் திரையையே பார்த்துக் கொண்டிருந்தார். வேறு கேள்விகள் உண்டா என்று மகன் கேட்டபோது, எவரும் எதிர்பாராத வண்ணம் அவர் எழுந்தார்.

"நீங்கள் எல்லாரும் துப்புகிறீர்கள். வாங்கிக் குடிப்பவர் துப்புவாரா?"

அறையில் ஓசையில்லை. மகன் உடனே விடை சொல்லவில்லை. கையிலிருந்த கிண்ணியை மேசைமேல் வைத்தார். "துப்பமாட்டார், அம்மா" என்றார். அம்மா என்ற சொல்லை அவர் உச்சரித்த முறையிலிருந்து இவர் யாரென்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

வகுப்பு முடிந்தபின் அவர் வாசல்வரை வந்தார். ஏன் விழுங்குவதே இல்லை என்று நாம் கேட்டோம். "அப்பாவின் இரத்தம் ஐயா" என்றார் சுருக்கமாக. அவர் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்த அறிஞர்கள், குடிநோய்க்கு ஆளாகும் இயல்பில் ஏறக்குறையப் பாதி மரபுவழி வருவது என்று கண்டிருக்கிறார்கள். மறு பாதி வீடும் தெருவும் நட்பும். அந்தத் தம்பி தன் பங்கில் முதற்பாதியை அறிந்து வைத்திருக்கிறார். ஆனால் மறு பாதி அவர் வேலை செய்யும் இடமாகவே இருக்கிறது. இதை அவரிடம் சொன்னோம். தெரியும் என்றார்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் பேருந்தில் அம்மையார் சன்னலோரம் அமர்ந்தார். பருத்திப்பட்டு தாண்டும்வரை பேசவில்லை. நாமே பேச்சைத் தொடங்கினோம். அந்தச் சம்பளம் உழைத்துப் பெற்ற கூலி. ஏமாற்றியோ திருடியோ வந்ததன்று. அதனால் ஓடு மாற்றலாம், அதில் நமக்கு ஐயமில்லை என்றோம். அந்த வேலையைப் பற்றி மட்டும் அவ்வளவு உறுதியாகச் சொல்ல நம்மால் இயலவில்லை என்பதையும் மறைக்கவில்லை. சுவை அறிந்தவன் அளவாகக் குடிப்பான் என்று அன்றைய வகுப்பில் ஒருவர் சொன்னார். அது பாதி உண்மை. சுவைக்கத் தெரியாததால் வருவதன்று குடிநோய். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-இல் அதை நோய் என்று ஏற்றது. தம் கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார், 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கி, குடிப்பவரோடு அவர்தம் மனைவி மக்களையும் அழைத்து அமர்த்திச் சிகிச்சை தரும் முறையை நம்மிடையே நிலைநாட்டினார். அந்த மருத்துவமனையின் கதவைத் தட்டியிருந்தால் உங்கள் கணவர்கூடப் பிழைத்திருக்கலாம் என்று சொல்ல நாவெழுந்தது. சொல்லவில்லை. பத்தொன்பது ஆண்டுக்குப் பின் அதைச் சொல்லி என்ன?

அவர் கேட்டதெல்லாம் ஒன்றே: "அந்தத் தடித்த பட்டை எங்கே கிடைக்கும், ஐயா?" பாரிமுனை நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் என்றோம்.

ஆவடியில் இறங்கி அம்பத்தூர்ப் பேருந்துக்காக நின்றபோது இரவு ஒன்பதரை. சற்றுத் தொலைவில், மூடும் நேரத்தை நெருங்கிய மதுக்கடை ஒன்றின் வெளிச்சம் தெரிந்தது. நிறுத்தத்துக்கு அருகே நாற்பது வயதிருக்கும் ஒருவர் மல்லாந்து கிடந்தார். சாப்பாட்டுத் தூக்கு ஒருபுறம் உருண்டு கிடந்தது. மக்கள் விலகி நடந்தார்கள். நாமும் விலகி நடக்கவே இருந்தோம். அம்மையார் கைப்பையை நம்மிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். அந்த மனிதரின் தோளைப் பற்றி ஒருக்களித்துத் திருப்பினார். மேல் முழங்காலை மடக்கி வைத்தார். தலையை அவரது கையின்மேல் சாய்த்து, வாய் கீழ்நோக்கி இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அத்தனை பழகிய கை.

"மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். அவன் அப்பாவுக்கு இப்படித்தான் செய்வேன்" என்றார்.

உருண்டு கிடந்த தூக்கை எடுத்து மூடியை அழுத்தி மூடி, அந்த மனிதரின் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். அம்பத்தூர்ப் பேருந்து வந்து நின்றது. அவர் ஏறவில்லை. அந்த மனிதர் ஒருமுறை இருமி மூச்சு சீராகும்வரை அங்கேயே நின்றார். நாமும் நின்றோம்.